வைத்தியர் முறை வரும்போது: மேசை ஆட்ட வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை போட்டு ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் போரின் நடுவே காயமாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மொரீஷியஸ் தீவின் நாலாபுறமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டமையால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு பதிப்பைக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம் 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே கொள்க. கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறார்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறி, எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த இரவில், மின்சாரம் போன பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடினோம். பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளுக்குப் புளியங்கொட்டைகளை எண்ணி வைத்திருந்தோம். தேர்ச்சியில் மூன்றாம் நிலைப் பாத்திரங்கள். ஓகர் என்னும் அரக்கர் இருவர் எங்கள் பாலடினை (புனித வீரரை) சூழ்ந்துகொண்டபோது, கிளெரிக் என்னும் சமயகுருவாக ஆடிய நான் ஒவ்வொரு சுற்றிலும் க்யூர் வூண்ட்ஸ் என்னும் காயமாற்றும் மந்திரத்தைப் போட்டு அவருக்குக் கொட்டைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நான்காம் சுற்றில் என் முதல் நிலை ஸ்லாட்டுகள் (மந்திரம் போடுவதற்கான வாய்ப்புகள்) நான்கும் தீர்ந்தன. அதே சுற்றில் அவரும் விழுந்தார். காயமாற்றாமல் இருந்திருந்தால் முன்பே விழுந்திருப்பாரே, அப்படியிருக்க அது எப்படி வீண் செலவாகும்? — வாசகர், வாக்வா

பதில்: கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஓகரின் தண்டம் ஓர் அடிக்குச் சராசரியாக 13 உயிர்ப்புள்ளிகளைப் பறிக்கும். தாக்கும்போது இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு அது 6 கூட்டிக்கொள்கிறது. உங்கள் பாலடினுக்குக் கவச மதிப்பு 16 என்று வைத்துக்கொண்டால், பகடையில் 10 விழுந்தாலே அடி பட்டுவிடும். நூற்றுக்கு 55 தடவை அது நடக்கும். இருபது விழும்போது சேதப் பகடைகள் இரட்டிப்பாவதையும் சேர்த்தால் ஓர் ஓகர் சுற்றுக்கு ஏழரையும், இரண்டு ஓகர்கள் பதினைந்தும் பறிப்பதாகக் கொள்ளலாம். க்யூர் வூண்ட்ஸ் மந்திரமோ ஓர் எட்டு முகப் பகடையோடு உங்கள் ஞான எண்ணுக்குரிய கூட்டு மதிப்பைச் சேர்த்துத் தருவது. அந்த மதிப்பு 3 என்றால் சராசரி ஏழரைதான். ஆக, உங்கள் முறைக்குரிய முதன்மைச் செயலான ஒரு முழு ஆக்‌ஷனையும் ஒரு ஸ்லாட்டையும் கொடுத்து நீங்கள் அழித்தது இரண்டு ஓகர்களில் ஒன்றின் உழைப்பை மட்டுமே. மற்றதன் உழைப்பு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போயிற்று. எதிரே இருந்த 118 உயிர்ப்புள்ளிகளில் உங்கள் கையால் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதே முதல் நிலை ஸ்லாட்டைக் கொண்டு ஷீல்டு ஆஃப் ஃபெய்த் போட்டிருந்தால் பாலடினின் கவச மதிப்பு இரண்டு கூடியிருக்கும். ஒவ்வோர் ஓகரும் நூற்றுக்குப் பத்துத் தடவை கூடுதலாகத் தவறும் என்பதால் இரண்டும் சேர்ந்து சுற்றுக்கு இரண்டரைக்குச் சற்று மேலான சேதம் குறையும். மூன்று சுற்றுகளில் அது க்யூர் வூண்ட்ஸ் தந்ததற்குச் சமமாகிவிடும்; நான்காம் சுற்றிலிருந்து கிடைப்பதெல்லாம் லாபம். அது போனஸ் ஆக்‌ஷன் என்னும் கூடுதல் சிறு செயலில் போடும் மந்திரம் என்பதால் உங்கள் ஆக்‌ஷன் அப்படியே கையில் நிற்கும். அதைக் கொண்டு கதாயுதத்தால் ஓர் அடி போட்டிருக்கலாம். ஒரு சொல்லால் கட்டளையிடும் கமாண்ட் மந்திரம் இன்னும் நல்லது. ஓகரின் ஞான எண் 7தான்; அதனால் அதன் எதிர்ப்புப் பகடையில் 2 குறையும். உங்கள் மந்திரத்தை எதிர்க்க 13 தேவை என்றால், நூற்றுக்கு எழுபது தடவை அது சொன்னபடி கேட்டு அடுத்த முறையை இழந்துவிடும். ஓகருக்குப் பொதுமொழி புரியும் என்பதால் அந்த வகையிலும் தடையில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரே விதி இருக்கிறது. இந்த ஆட்டத்தில் ஓர் உயிர்ப்புள்ளியோடு நிற்பவரும் 28 புள்ளிகளோடு நிற்பவரும் ஒரே வலிமையோடு வாளை வீசுகிறார்கள். காயத்தினால் கை தளர்வதில்லை, கால் தடுமாறுவதில்லை. ஆகவே, நின்றுகொண்டிருப்பவருக்குக் காயமாற்றினால் அவரால் முன்பே செய்யக்கூடியதாக இருந்ததற்கு மேல் ஒன்றையும் நீங்கள் தரவில்லை. பூஜ்யத்துக்குப் போய் மயங்கிக் கிடப்பவருக்கு ஒரே ஒரு புள்ளியைக் கொடுத்தாலும், அவருக்கு ஒரு முழு முறையைத் திருப்பித் தருகிறீர்கள். போரில் காயமாற்றும் மந்திரத்தின் விலையை எத்தனை புள்ளி ஏறியது என்பதைக் கொண்டு அளக்காமல், நம் பக்கத்துக்கு எத்தனை முறைகள் கூடின என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. அப்படி அளந்தால், ஒரு நாலு முகப் பகடையோடு அதே கூட்டு மதிப்பை மட்டுமே தரும் ஹீலிங் வேர்டு, க்யூர் வூண்ட்ஸைவிடப் பெரிய மந்திரமாகிவிடுகிறது. அதற்குத் தொட வேண்டியதில்லை. 60 அடி தொலைவிலிருந்து போனஸ் ஆக்‌ஷனில் போடலாம். அதே முறையில் ஆக்‌ஷனுக்கு, ஸ்லாட் செலவில்லாத கேன்ட்ரிப் வகை மந்திரம் ஒன்றைத் தவிர வேறு மந்திரம் போட முடியாது என்ற தடை உண்டு. ஆனால் சேக்ரட் ஃப்ளேம் என்னும் கேன்ட்ரிப்பைப் போடவோ ஆயுதத்தால் தாக்கவோ அது தடையில்லை.

வரிசையையும் பார்க்க வேண்டும். யார் முறை எப்போது வரும் என்று காட்டும் இனிஷியேட்டிவ் வரிசையில் உங்களுக்கு அடுத்து விழுந்தவர் முறை வந்தால், அவர் எழுந்து, நழுவவிட்ட வாளை எடுத்து, பாதி நடையைச் செலவழித்து நிமிர்ந்து, தாக்கியும் விடுவார். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு ஓகர்களின் முறை வருமானால், நீங்கள் கொடுத்த ஆறு புள்ளியும் ஓர் அடிக்குத் தாங்காது. அப்போது அவரைக் கிடக்க விட்டுவிட்டு ஓகர் ஒன்றைச் சாய்க்க முயல்வதே அறிவுடைமை ஆகலாம்.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றைச் சென்ற இதழின் ஒரு வரிக்குள் அடக்க இடமிருக்கவில்லை. முதலாவது, முதல் நிலைப் பாத்திரங்கள். ஓர் அடியில் பூஜ்யத்துக்குப் போன பிறகும் மிஞ்சும் சேதம், அவருடைய உயிர்ப்புள்ளி உச்சவரம்பைத் தொட்டால், பிழைக்கப் போடும் டெத் சேவ் பகடை எதுவும் இல்லாமல் அந்த இடத்திலேயே மரணம். உச்சவரம்பு எட்டுப் புள்ளியாக உள்ள விஸார்டு (மந்திரவாதி) இரண்டு புள்ளியோடு நிற்கும்போது ஓகர் 13 அடித்தால் மிச்சம் 11. அவர் கதை முடிந்தது. அந்த விஸார்டுக்கு முன்கூட்டியே காயமாற்றுவது கட்டாயம். இரண்டாவது, மனத்தை ஒருமுகப்படுத்தி ஒரு பெரிய மந்திரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவர். மயங்கினால் அந்த மந்திரம் கலைந்துபோகும், மறுபடி எழுப்பினாலும் திரும்பாது. அவர் விழும்வரை காத்திருக்கலாகாது. மூன்றாவது, ஹீல் என்னும் ஆறாம் நிலை மந்திரம். ஒரே ஆக்‌ஷனில் 70 புள்ளிகள் என்பது எந்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

2024 பதிப்பில் ஆடுகிறவர்களும் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். அங்கே க்யூர் வூண்ட்ஸ் இரண்டு எட்டு முகப் பகடைகள், ஹீலிங் வேர்டு இரண்டு நாலு முகப் பகடைகள் என்று இரட்டிப்பாகிவிட்டன. உங்கள் மந்திரம் சராசரியாக 12 தரும். இரண்டு ஓகர்களின் ஒரு சுற்றுச் சேதத்தில் பெரும்பகுதி அது. அந்தப் பதிப்பில் என் வரியை இவ்வளவு உறுதியாக எழுதியிருக்கமாட்டேன்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு வயது பதினைந்து. என் அண்ணன் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டம் ஆடுகிறாள். அவளுக்குக் கிளெரிக் பாத்திரம். அவள் முறை வந்ததுமே அண்ணன்மார் எல்லோரும், "எனக்குப் போடு, எனக்குப் போடு" என்கிறார்களாம். தான் நினைத்ததைச் செய்ய ஒரு நாளும் விடவில்லை என்று வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எனக்கு ஆட்டம் தெரியாது. அவளுக்கு என்ன சொல்வது? — ஒரு தாய், குவாத்ர் போர்ன்

பதில்: அம்மா, உங்கள் மகள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அதைவிட வசதியான செய்தி, விதிகளும் அவள் பக்கம்தான் இருக்கின்றன. அண்ணன்மார் கேட்கிற இடத்திலெல்லாம் மந்திரத்தைப் போட்டால் அந்தக் குழுவே தோற்கும் என்பதை மேலே உள்ள பதிலைக் காட்டி அவள் நிறுவிவிடலாம். பதின்பருவத்துப் பையன்கள் நியாயத்துக்கு மசியாவிட்டாலும் கணக்குக்கு மசிவார்கள்.

கிளெரிக் என்பவர் கட்டுத்துணியோடு பின்னால் நிற்கும் பணியாள் இல்லை. லைஃப் டொமெயின் என்ற பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் கனத்த கவசம் அணியவே அவருக்குப் பயிற்சி உண்டு. மூன்றாம் நிலையில் ஸ்பிரிச்சுவல் வெபன் என்ற மந்திரம் கிடைக்கும்; ஒரு முறை போட்டுவிட்டால் அந்த மாய ஆயுதம் ஒரு நிமிடம்வரை ஒவ்வொரு சுற்றிலும் போனஸ் ஆக்‌ஷனில் தாக்கிக்கொண்டிருக்கும். ஐந்தாம் நிலையை எட்டும்போது ஸ்பிரிட் கார்டியன்ஸ் வரும். தன்னைச் சுற்றிப் பதினைந்து அடிக்குள் நுழையும் பகைவர் ஒவ்வொருவர்மீதும் மூன்று எட்டு முகப் பகடைச் சேதத்தை இறக்கி, நடையையும் பாதியாகக் குறைக்கும் மந்திரம் அது. அந்த மந்திரத்தோடு அவள் நடுக்களத்தில் நடந்து போனால், "எனக்குப் போடு" என்று கேட்டவர்களுக்குக் காயம் படுவதே குறைந்துவிடும்.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆட்டம் தொடங்கும் முன், போர் எதுவும் நடக்காத நேரத்தில், தன் நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும்: "விழுந்தால் எழுப்புவேன்; நிற்கும்வரை அவரவர் காயம் அவரவர் பொறுப்பு." போர் நடக்கும்போது இதைச் சொன்னால் சண்டையாகிவிடும். அண்ணன்மார் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பானம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். காயமாற்றும் பானம் ஒன்றின் விலை 50 பொற்காசு. இரண்டு நாலு முகப் பகடைகளோடு 2 கூட்டித் தரும். ஹீலர்ஸ் கிட் என்னும் மருத்துவப் பையோ 5 பொற்காசுதான். பத்து முறை பயன்படும், பரிசோதனைப் பகடை எதுவும் போடாமலே மயங்கியவரின் நிலையைச் சாவிலிருந்து நிறுத்திவைக்கும். குழுவில் யார் கையிலும் மருத்துவப் பை இல்லாமல் ஒரு சிறுமியின் ஸ்லாட்டுகளை மட்டும் நம்பி நிலவறைக்குள் இறங்குகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லலாம்.

அவள் முறையில் அவளே முடிவெடுக்க வேண்டும் என்பதை, ஆட்டத்தை நடத்தும் டி.எம். உரக்கச் சொல்ல வேண்டும். அது உங்கள் அண்ணன் பிள்ளைகளில் ஒருவராகவே இருந்தால், அண்ணனிடம் ஒரு சொல் சொல்லிவைப்பதில் தவறில்லை.

கேள்வி: பானத்தைக் குடிக்க ஓர் ஆக்‌ஷன் போய்விடுகிறதே, அது நீங்கள் சொல்லும் "முறைக் கணக்குக்கு" நஷ்டமல்லவா? — வாசகர், ரோஸ் ஹில்

பதில்: நஷ்டம்தான். அதனால்தான் பல மேசைகளில் தானே குடித்தால் போனஸ் ஆக்‌ஷன், மற்றவருக்குப் புகட்டினால் ஆக்‌ஷன் என்று சொந்த விதி வைத்துக்கொண்டார்கள். 2024 பதிப்பு, குடிப்பதையும் புகட்டுவதையும் போனஸ் ஆக்‌ஷனாகவே ஆக்கிவிட்டது. பழைய புத்தகத்தை வைத்து ஆடினாலும் அந்த ஒரு விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் டி.எம். என் மேசையில் ஃபைட்டர் என்னும் போர்வீரராக ஆடுகிறவர் ஒரே போரில் மூன்று முறை விழுந்து மூன்று முறையும் ஹீலிங் வேர்டால் எழுந்தார். யாருக்கும் சாவைப் பற்றிய அச்சமே இல்லை. பூஜ்யத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிலை எக்ஸாஸ்ஷன் (களைப்பு) தருவதாகச் சொன்னால் ஆட்டக்காரர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். இறங்கி வருவதா, உறுதியாக நிற்பதா? — வாசகர், ட்ரியோலே

பதில்: இறங்கி வாருங்கள். 2014 விதிகளில் எக்ஸாஸ்ஷன் மிகக் கொடியது. முதல் நிலையில் திறமைச் சோதனைகளெல்லாம் பாதிக்கப்படும். இரண்டாம் நிலையில் நடை பாதியாகும். மூன்றாம் நிலையில் தாக்குதலும், சேவிங் த்ரோ என்னும் தற்காப்புப் பகடையும் கெடும். நான்காம் நிலையில் உயிர்ப்புள்ளி உச்சவரம்பே பாதியாகும். ஆறாம் நிலையில் மரணம். நீண்ட ஓய்வுக்கு ஒரு நிலைதான் குறையும். உங்கள் ஃபைட்டர் ஒரே போரில் மூன்று நிலைகளைச் சுமந்தால் அடுத்த மூன்று நாள் அவர் பாரமாகத்தான் வருவார். இந்தத் தண்டனை, விழுவது என்றால் என்னவென்றே தெரியாமல் பின்வரிசையில் நிற்கும் வில்லாளியைத் தொடாது. மற்றவர்களுக்காக முன்னால் போய் அடி வாங்குகிறவரைத்தான் திரும்பத் திரும்பத் தாக்கும். துணிவுக்கு அபராதம் விதிக்கும் விதி நல்ல விதியாகாது. 2024 பதிப்பில் ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடைச் சோதனைகளில் 2 குறைவு, நடையில் 5 அடி குறைவு என்று அது எளிமையாகவும் மென்மையாகவும் ஆகியிருக்கிறது. அந்தப் பதிப்பில் ஆடினால் உங்கள் யோசனையைச் சோதித்துப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த மாற்று ஒன்று இருக்கிறது. டெத் சேவ் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்: மயங்கியவர் தம் முறைதோறும் இருபது முகப் பகடையைப் போடுகிறார்; 10க்குக் குறைந்தால் ஒரு தோல்வி, மூன்று தோல்விகளில் மரணம். ஒரு புள்ளி ஏறினாலும் தோல்விகள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. சாவைப் பற்றிய அச்சம் போவதற்கு இந்த அழிப்புதான் காரணம். தோல்விக் குறிகள் ஓய்வு எடுக்கும்வரை அழியா என்று மட்டும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஃபைட்டர் இரண்டாம் தடவை விழும்போது அவர் தாளில் ஏற்கெனவே ஒரு தோல்வி இருக்கும்; மேசையில் ஒருவரும் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு இதே சிக்கலைக் கிட்டத்தட்ட இப்படித்தான் தீர்த்திருக்கிறது. அங்கே மயக்கத்திலிருந்து மீண்டவருக்கு "வூண்டட்" என்ற நிலை ஒட்டிக்கொள்ளும். மறுபடி விழுந்தால் அந்த எண் சாவை நோக்கிய எண்ணோடு கூடும். அது நான்கைத் தொட்டால் மரணம்.

இன்னொரு வழிக்குப் புது விதியே வேண்டாம். விழுந்தவரைப் பகைவர்கள் அடிக்கட்டும். மயங்கிக் கிடப்பவரை ஐந்து அடிக்குள் நின்று தாக்கி அடி பட்டால் அது தானாகவே கிரிட்டிகல், அதாவது சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் அடி. ஒரே அடிக்கு இரண்டு தோல்விகள். ஆனால் இதில் நிதானம் தேவை. மூளையற்ற ஸோம்பி எதிரே நிற்பவரை விட்டுவிட்டுக் கீழே கிடப்பவரைக் குத்தக் காரணமில்லை. பசித்த ஓநாய் விழுந்தவரைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். ஹீலிங் வேர்டு ஒரு தடவை எழுப்பியதைக் கண்ணால் கண்ட புத்தியுள்ள கூலிப்படைத் தலைவன் அடுத்த தடவை விழுந்தவர் கழுத்தை அறுப்பான், அல்லது அதைவிட நன்றாக, கிளெரிக்கை நோக்கித் திரும்புவான். எந்தப் பகைவன் எப்படி நடப்பான் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்கான அறிகுறியை ஆட்டக்காரர்களுக்குக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். அறிகுறியில்லாமல் செய்தால் நீங்கள் வஞ்சம் தீர்ப்பதாகத்தான் எண்ணுவார்கள்.

கேள்வி: காயமாற்றும் வேலையைச் சமயகுருவின் தலையில் ஏன் கட்டினார்கள்? எல்லா ஆட்டங்களிலும் குருதானே வைத்தியர்? — வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: தொடக்கத்தில் அவர் வைத்தியராகப் பிறக்கவில்லை. டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மோர் ஆட்டத்தில் வாம்பயராக (இரத்தக்காட்டேரியாக) மாறிய ஒரு பாத்திரம் மற்றவர்களைப் படாதபாடு படுத்தவே, அதை எதிர்க்கவென்று உருவானவரே கிளெரிக். பேய்பிசாசுகளை ஓட்டுவதே அவர் முதல் தொழில். 1974இல் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் வெளியிட்ட முதல் பதிப்பில் முதல் நிலைக் கிளெரிக்கு மந்திரமே கிடையாது. இரண்டாம் நிலைக்கு வந்தால்தான் ஒரு மந்திரம். காயமாற்றும் சிறு மந்திரம் ஓர் ஆறு முகப் பகடையோடு ஒன்று கூட்டித் தந்தது. அடுத்து வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் மந்திரமின்றி ஓய்வெடுத்தால் நாளுக்கு ஒரு புள்ளிதான் ஏறும். பத்துப் புள்ளி இழந்தவர் பத்து நாள் படுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், கிளெரிக் இல்லாத குழு நிலவறைக்குள் இறங்கவே அஞ்சியதில் வியப்பில்லை. எல்லோருக்கும் வேண்டிய அந்த வேலையை ஏற்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை என்ற பழைய புலம்பல் அங்கே தொடங்கியது.

அதன் பிறகு வந்த பதிப்புகள் ஒவ்வொன்றும் அந்தப் புலம்பலுக்குச் சொன்ன பதில்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், கிளெரிக் தாம் தயார்செய்து வைத்த வேறு மந்திரத்தை அந்த இடத்திலேயே காயமாற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆட்டக்காரர்களோ 750 பொற்காசுக்கு ஐம்பது தடவை பயன்படும் மந்திரக்கோல் ஒன்றை வாங்கி, போர் முடிந்தபின் ஆளாளுக்குத் தட்டிக்கொண்டார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பு துணிந்து ஒரு காரியம் செய்தது. காயம் ஆறும் ஆற்றலை ஹீலிங் சர்ஜ் என்ற பெயரில் அடிபட்டவர் உடம்பிலேயே வைத்தது. ஒரு சர்ஜுக்கு உச்சவரம்பில் கால் பங்கு ஏறும். கிளெரிக் அதைத் தூண்டிவிடுபவர் மட்டுமே. அதையும் தம் தாக்குதலை இழக்காமல் மைனர் ஆக்‌ஷன் என்னும் சிறு செயலில் செய்தார். அந்தப் பதிப்பைப் பலர் திட்டினார்கள். வைத்தியராக ஆடுகிறவருக்கு அதைவிட நேர்மையாக நடந்துகொண்ட பதிப்பு வேறில்லை என்பது என் கட்சி.

கேள்வி: அயாபானா இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்தே வயிற்றுவலியைத் தீர்த்த என் பாட்டியைப் போல, தெய்வ மந்திரம் எதுவும் இல்லாமல் கைவைத்தியத்தால் மட்டும் காயமாற்றும் பாத்திரம் ஒன்றை அமைக்க ஆசைப்படுகிறேன். போரில் அது எடுபடுமா? — வாசகி, மாயேபூர்

பதில்: தாராளமாக எடுபடும். ஹீலர் என்ற ஃபீட்டை (சிறப்புத் திறமையை) எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பையைக் கொண்டு ஓர் ஆக்‌ஷனில் ஓர் ஆறு முகப் பகடையோடு 4ஐயும், அடிபட்டவரின் நிலை எண்ணையும் கூட்டி ஆற்றலாம். மூன்றாம் நிலையில் சராசரி பத்தரை. வாக்வா வாசகரின் க்யூர் வூண்ட்ஸைவிட இது அதிகம், ஸ்லாட்டும் செலவில்லை. ஒருவருக்கு ஒரு குறும் ஓய்வுக்கு ஒரு தடவைதான் என்பது எல்லை. ஆனால் மயங்கியவரின் நிலையை அந்தப் பையால் நிறுத்தும்போது அவருக்கு ஒரு புள்ளியும் சேர்ந்து கிடைக்கும் என்று இன்னொரு பகுதி இருக்கிறது. அதற்கு அந்த எல்லை இல்லை. கண் விழித்துவிடுவார்.

பாத்திரத்தை ரோக் (தந்திரக்காரர்) வகுப்பில், தீஃப் (திருடர்) பிரிவில் அமைத்தால் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் என்ற திறமையால் மருத்துவப் பையைப் போனஸ் ஆக்‌ஷனிலேயே பயன்படுத்தலாம். பாட்டியின் கைவேகத்தை அந்தத் திறமைக்குக் காரணமாகச் சொல்லிவிடுங்கள், எந்த டி.எம்.உம் மறுக்கமாட்டார். மூலிகைக் கருவிப் பெட்டியில் தேர்ச்சி எடுத்துக்கொண்டால் காயமாற்றும் பானத்தைத் தாமே காய்ச்சவும் வழி உண்டு.

கேள்வி: குட்பெரி மந்திரத்தால் உண்டாகும் பழம் ஒன்றுக்கு ஒரே ஒரு புள்ளிதானே? அதற்கு ஒரு ஸ்லாட்டா? — வாசகர், ரோஸ் ஹில்

பதில்: ஒரே புள்ளி என்பதுதான் அதன் அருமை. ஒரு முதல் நிலை ஸ்லாட்டில் பத்துப் பழங்கள். இருபத்துநான்கு மணி நேரம் கெடாது. குழுவில் எல்லோர் பையிலும் இரண்டு இரண்டாகப் போட்டுவைக்கலாம். மயங்கியவர் வாயில் பழத்தை வைத்து ஊட்ட முடியுமா என்பதில் மட்டும் விதி தெளிவாக இல்லை, ஏனென்றால் தின்பவர் தம் ஆக்‌ஷனைச் செலவழித்துத் தின்பதாகத்தான் எழுதியிருக்கிறது. போர் தொடங்கும் முன்பே டி.எம்.இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோட்ரிக்ஸில் நாங்கள் மூன்றே பேர்: ஃபைட்டர், ரேஞ்சர் (காட்டு வேட்டையாளர்), விஸார்டு. கிளெரிக்காக ஆட யாருக்கும் விருப்பமில்லை. டி.எம். ஒரு துணைப் பாத்திரமாகக் கிளெரிக் ஒருவரைத் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா? — வாசகர், ரோட்ரிக்ஸ்

பதில்: வேண்டாம். டி.எம். கையில் இருக்கும் வைத்தியர் உங்களைச் சாகவிடவும் மாட்டார், சாகவிட்டால் பழியும் அவருக்கே வரும். இரண்டும் ஆட்டத்துக்கு நல்லதில்லை. அவருக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பில் மூவர் குழு வைத்தியரின்றி நன்றாகவே பிழைக்கும். ஒரு மணி நேரக் குறும் ஓய்வில் அவரவர் ஹிட் டைஸ் என்னும் தமக்குரிய பகடைகளைச் செலவழித்துக் காயம் ஆற்றிக்கொள்ளலாம். எட்டு மணி நேர நீண்ட ஓய்வில் எல்லாப் புள்ளிகளும் திரும்பிவிடும். ஃபைட்டருக்கு செகண்ட் விண்டு என்ற திறமை உண்டு. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு பத்து முகப் பகடையோடு தம் நிலையைக் கூட்டித் தாமே ஆற்றிக்கொள்வார், குறும் ஓய்வுக்குப் பின் மறுபடி கிடைக்கும். ரேஞ்சர் இரண்டாம் நிலையிலிருந்து மந்திரம் கற்கிறார். குட்பெரியையும் க்யூர் வூண்ட்ஸையும் அவர் எடுத்துக்கொண்டால் போதும். விஸார்டுக்குக் காயமாற்றும் மந்திரம் இல்லை. ஆனால் ஓகர்கள் கட்டுண்டு கிடந்தால் காயமே இல்லை. முதல் சுற்றிலேயே களத்தைக் கட்டிப்போடும் வெப் போன்ற மந்திரங்களுக்கே தம் ஸ்லாட்டுகளை அவர் ஒதுக்கட்டும். நான்காம் ஆள் ஒருவர் சேர்வதாக இருந்தால் பாலடினாக வரச்சொல்லுங்கள். லே ஆன் ஹேண்ட்ஸ் என்ற அவருடைய திறமையில் நிலைக்கு ஐந்து புள்ளி வீதம் இருப்பு உண்டு. அதை ஒவ்வொரு புள்ளியாகக் கொடுத்தால் முதல் நிலையிலேயே ஐந்து தடவை விழுந்தவரை எழுப்பலாம்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பின்வாங்கும் திட்டம். மூவரில் ஒருவர் விழுந்தால் உங்கள் பக்கத்து முறைகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. நால்வர் ஐவர் உள்ள குழு தாங்கும் இழப்பை நீங்கள் தாங்க முடியாது. ஒருவர் விழுந்ததும் வெளியேறுவது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, விழுந்தவரை யார் தூக்குவது என்பதையும் முடிவு செய்யுங்கள். வலிமை எண்ணை 15ஆல் பெருக்கினால் ஒருவர் சுமக்கக்கூடிய பவுண்டு எடை கிடைக்கும். உங்கள் விஸார்டுக்கு வலிமை 8 என்றால் 120 பவுண்டுதான். இரும்புக்கவசம் போட்ட ஃபைட்டரை அவரால் சுமந்து செல்ல முடியாது. ஃபைட்டர் விழும் நாளுக்காக ரேஞ்சரின் வலிமையில் கொஞ்சம் கவனம் வைக்கவும், இல்லையென்றால் ஒரு கழுதை வாங்கவும்.